கோடுகளால் ஒரு வீடு

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமானாலும் போய், ஒரு குழந்தையிடம் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, "ஒரு வீடு வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலைகள் வரும்; அவற்றின் நடுவே சூரியன் எழும்பும்; மலையிலிருந்து ஓர் ஆறு இறங்கும்; கரையில் ஒரு தென்னை மரம்; அதற்குப் பக்கத்தில் கூம்பிய கூரையோடு ஒரு குடிசை. விளாத்திகுளத்துக் குழந்தையும் இதைத்தான் வரைகிறது. எங்கள் ஊரில் மலை கிடையாது. வைப்பாறு உண்டு, ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் மணல்தான் கிடக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் காடு, பருத்தி, மிளகாய், கம்பு, ஓரங்களில் சீமைக் கருவேல். குழந்தை குடியிருப்பதோ மொட்டை மாடி வைத்த சதுர வீடு. ஆனாலும் அது தன் வீட்டை வரைவதில்லை; வீடு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றை வரைகிறது.

குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர்கள் சங்கதியும் அப்படித்தான். முப்பது வருஷம் குடியிருந்த வீட்டுக்கு முன்புறம் எத்தனை ஜன்னல், வாசல்படி எத்தனை, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள். வீட்டுக்குள் இருக்கிறவன் வீட்டைப் பார்ப்பதில்லை. இது எனக்கு நன்றாக விளங்கியது, இடிந்துபோன எங்கள் வீட்டை ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் வரைய உட்கார்ந்தபோதுதான்.

விளாத்திகுளத்தில் இருந்த எங்கள் பூர்வீக வீடு 2011-ல் கைமாறியது. வாங்கியவர் இடித்துவிட்டுக் கடைகள் கட்டினார். அவர் இடம், அவர் பணம். அதில் வருத்தப்பட எங்களுக்குப் பாத்தியதை இல்லை. வீட்டில் மிஞ்சியது 1983-ல் எடுத்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. மூன்று அங்குலச் சதுரம். மூலைகளில் பழுப்பேறி, நடுவே ஒரு மடிப்பும் விழுந்திருந்தது. தூத்துக்குடியில் புது வீடு கட்டிக் குடிபோன என் அக்கா, ஹாலில் மாட்டுவதற்கு அதைப் பெரிதாக்கித் தரவேண்டும் என்று கேட்டாள். நாலடி அகலம் இருக்கவேண்டுமாம்.

மூன்று அங்குலம் நாலடியாவது என்றால் 16 மடங்கு. போட்டோவைப் பதினாறு மடங்கு பெரிதாக்கினால் வீடு பெரிதாவதில்லை, அழுக்குத்தான் பெரிதாகிறது. போட்டோவைக் கம்ப்யூட்டர் ஒரு பெரிய ஜாபிதாவாகவே வைத்துக்கொள்கிறது. இந்தப் புள்ளி கறுப்பு, அடுத்த புள்ளி சாம்பல், அதற்கடுத்தது வெளுப்பு என்று லட்சக்கணக்கான புள்ளிகளின் ஜாபிதா. அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பெரிதாக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் சதுரச் சதுரமாக வீங்கி, ஜன்னல் சொறி பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது.

ஊரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கும் ஒரு பையனிடம் போட்டோவைக் காட்டினேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கட்சி மாநாட்டுக்கும் முகங்களைப் பெரிதாக்குவதே அவன் தொழில். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதை அப்படியே அடிச்சா தாங்காது. வெக்டரா வரைஞ்சாத்தான் உண்டு" என்றான்.

"அப்படியென்றால்?"

"புள்ளியே இருக்காது. பூராம் கோடு. தீப்பெட்டி மேலயும் ஒட்டலாம், தேர் உசரத்துக்கும் கட்டலாம். ஒரே மாதிரி இருக்கும்."

அவன் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த பாஷையில் இப்படி விளங்கிக்கொண்டேன். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் பார்த்திருக்கிறோம். இத்தனை புள்ளி, இத்தனை வரிசை, எந்தப் புள்ளியை எப்படிச் சுற்றிக் கோடு வளைய வேண்டும் என்று தெரிந்தால் போதும். புள்ளிக்குப் புள்ளி விரற்கடை விட்டாலும் சாண் அளவு விட்டாலும் கோலம் அதே கோலந்தான். பக்கத்து வீட்டுக்காரி மாவை அள்ளிக்கொண்டு போவதில்லை, கணக்கைத்தான் கொண்டுபோகிறாள். வெக்டர் சித்திரமும் அப்படித்தான். எங்கே சில புள்ளிகள், அவற்றுக்கிடையே கோடு எப்படி வளைகிறது என்ற கணக்கு மட்டும் அதில் இருக்கிறது. எந்த அளவில் கேட்டாலும் கம்ப்யூட்டர் அந்தக் கோட்டைப் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறது.

இந்த வளைவுக் கணக்கைக் கண்டவர்கள் சித்திரக்காரர்கள் அல்ல; கார் செய்கிறவர்கள். பிரான்ஸில் சிட்ரோயன் கம்பெனியில் இருந்த பால் த காஸ்தெல்ஜோ 1959-ல் இதில் இறங்கினார். ரெனோ கம்பெனியில் இருந்த பியேர் பெஸியே 1960-களில் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார். முன்னவருடைய கம்பெனி அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்தது. பின்னவருடையது வெளியே வந்தது. ஆகவே வளைவுக்குப் பெஸியே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு கார்க் கதவின் வளைவை இயந்திரத்துக்குச் சொல்லப் பிறந்த கணக்கு, 1987-ல் இல்லஸ்ட்ரேட்டர், 1989-ல் கோரல் டிரா என்று சித்திரக்காரர்களின் கைக்கு வந்து, கடைசியில் எங்கள் ஊர்க் காதுகுத்து பேனர் வரைக்கும் வந்துவிட்டது. 2003-ல் வந்த இங்க்ஸ்கேப்புக்குக் காசுகூடக் கொடுக்க வேண்டாம். நான் அதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். பையன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தான்.

முதலில் போட்டோவை அடியில் போட்டு, அது அசையாமல் பூட்டி, பாதி மங்கலாக்க வேண்டும். அதன்மேல் கண்ணாடித் தாள் பரப்பினதுபோல் ஓர் அடுக்கு; அதில் சுவர். அதன்மேல் இன்னோர் அடுக்கு. அதில் கதவு, ஜன்னல். இன்னொன்றில் நிழல். வேண்டாத அடுக்கை ஒரு கண் குறியை அமுக்கி மறைத்துவிடலாம். கோடு போட, ஆரம்பத்தில் ஒரு புள்ளி, முடிவில் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் பூச்சியின் மீசைபோல இரண்டு பிடிகள். மீசையை இழுத்தால் கோடு வளைகிறது. புதிதாக வருகிறவர்கள் ஒரு வளைவுக்கு ஐம்பது புள்ளி வைப்பார்கள், கோடு நடுங்கும். வாசல் வளைவுக்கு மூன்று புள்ளி போதும். முழு வட்டத்துக்கே நாலு புள்ளிதான். கணக்குப்படி அது அசல் வட்டம் ஆகாது; பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவான பிசகு இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற கண் மனிதனுக்கு இல்லை.

"இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு பித்தானை அமுக்கினால் அதுவே வரைந்துவிடும் என்கிறார்களே?" என்று கேட்டேன். பையன் சிரித்துக்கொண்டே அமுக்கிக் காட்டினான். திரையில் ஆயிரக்கணக்கான திட்டுகள் முளைத்தன. வேப்பமரத்து நிழலும், ஜன்னலின் இருட்டும், சுவரில் மழைநீர் வடிந்த கறையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. இயந்திரத்துக்குக் கறுப்பு தெரிகிறது. எது மரம், எது வீடு என்பது தெரிவதில்லை. எங்கே ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தீர்மானிக்க, அந்த வீட்டில் இருந்தவன் ஒருவன் வேண்டியிருக்கிறது.

ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பியை நினைத்துக்கொண்டேன். அவர் கோயிலிலேயே உட்கார்ந்து வரைந்தவர். ஒரு சிற்பத்தின் விரல் எப்படி மடங்குகிறது என்று சந்தேகம் வந்தால் எழுந்துபோய்ப் பக்கத்தில் பார்க்கலாம். போட்டோவிலிருந்து வரைகிறவனுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்கு ஒரே நிலை, ஒரே நிமிஷம், ஒரே கண். ஆகவே அந்தக் கண் யாருடையது, எங்கே நின்றது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

எங்கள் போட்டோவை எடுத்தவர் யார் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் கோடுகள் அவரைக் காட்டிக்கொடுத்தன. திண்ணையின் விளிம்பு தூரம் போகப் போக மேலே ஏறுகிறது. கைப்பிடிச் சுவரின் கோடு கீழே இறங்குகிறது. இரண்டையும் நீட்டிக்கொண்டே போனால் படத்துக்கு வெளியே ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பின் மட்டந்தான் காமிராவின் கண் மட்டம். அளந்து பார்த்தேன்; தெருவிலிருந்து ஏறக்குறைய நாலடி. நின்றவர் குள்ளர் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் இரட்டை லென்ஸ் காமிராவைக் கழுத்தில் மாட்டி, மார்புக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்ப்பார்கள். அதில் பிலிம் சதுரமாகத்தான் விழும். படம் சதுரமாக இருந்ததற்கும் காரணம் கிடைத்தது. தெரு குறுகல் என்பதால் வீடு முழுவதும் அடங்குவதற்காகக் காமிராவைச் சற்று அண்ணாந்து பிடித்திருக்கிறார். அதனால் இரண்டு பக்கத்துச் சுவர்களும் மேலே போகப் போக உள்ளே சாய்ந்து, வீடு கும்பிடுகிற கைபோல நின்றது.

இந்தச் சாய்வை நிமிர்த்தவேண்டும் என்று பையன் சொன்னான். நிமிர்த்தினோம். நிமிர்த்திய பிறகும் வீடு நேராகவில்லை. கைப்பிடிச் சுவர் இடது மூலையில் தணிந்திருந்தது. திண்ணை நடுவில் தொய்ந்திருந்தது. வாசற்படியின் ஒரு முனை மேலே தூக்கியிருந்தது. அடிக்கோல் வைத்ததுபோல ஒரு கோடுகூட இல்லை.

இங்கேதான் நான் யோசிக்கவேண்டி வந்தது. கோணலில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, பார்த்த கண்ணின் கோணல். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இடப்பக்கம் எவ்வளவோ அவ்வளவே வலப்பக்கமும் சாயும். மற்றது, வீட்டின் கோணல். அதற்கு ஒழுங்கு கிடையாது, காரணம் உண்டு. எங்கள் மண் கரிசல். மழை பெய்தால் ஊதும். கோடையில் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வருஷந்தோறும் அஸ்திவாரத்தை ஒரு முறை தூக்கி ஒரு முறை இறக்கும். அதன்மேல் செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்ற வீடு, தலைமுறைக் கணக்கில் இந்தத் தூளியில் ஆடியிருக்கிறது. கண்ணின் கோணலை நிமிர்த்தலாம், நிமிர்த்தவும் வேண்டும். வீட்டின் கோணலை நிமிர்த்தினால், அது வேறு மண்ணில் கட்டிய வேறு வீடு ஆகிவிடும்.

கம்ப்யூட்டருக்கு இது பிடிப்பதில்லை. ஒரு விசையை அமுக்கினால் எல்லாக் கோட்டையும் நேராக்கத் தயாராக இருக்கிறது. தாழ்வாரத்து ஓட்டை ஒன்று வரைந்தால் நூறாகப் பெருக்கித் தருகிறது. அப்படிச் செய்து பார்த்தால் வீடு பொம்மைக் கடையிலிருந்து வாங்கியதுபோல் பளிச்சென்று இருக்கிறது. நான் ஆறு விதமான ஓடு வரைந்தேன். முனை உடைந்தது, நழுவியது, பாசி பிடித்தது என்று அவற்றைப் போட்டோவில் உள்ளபடி கலந்து வைத்தேன். அதற்கு மூன்று சாயங்காலம் போயிற்று.

எல்லாவற்றையும் வரைய முடியாது என்பதும் உண்மைதான். தமிழ்நாட்டு அரசு முத்திரையில் ஒரு கோபுரம் இருக்கிறது. ஓவியர் கிருஷ்ணராவ் 1949-ல் வரைந்தது. கடிதத் தலைப்பில் ஓர் அங்குலத்துக்குள் அடங்கவேண்டுமென்றால் கோபுரத்துச் சிற்பங்கள் அத்தனையையும் எழுத முடியுமா? நிலைகளின் கோடு, உச்சியில் கலசம் என்று சுருக்கியிருக்கிறது. அதன் பலன், அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று ஒரு கட்சியும், மதுரை மேலைக் கோபுரம் என்று ஒரு கட்சியும் இன்றைக்கும் வழக்காடிக்கொண்டிருக்கின்றன. முத்திரைக்கு அதனால் நஷ்டமில்லை; அது நாடு முழுவதற்கும் பொதுவான கோபுரம். மாறாக, 1954-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. 1978-ல் அந்த நோட்டைச் செல்லாததாக்கிவிட்டார்கள். ஆனால் படத்தைப் பார்த்த எவனும் இது எந்தக் கோயில் என்று கேட்கமாட்டான். சுருக்குவது தவறல்ல. எதை விட்டால் அது அதுவாக இல்லாமல் போகுமோ, அதை விடக்கூடாது. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அப்படி விடக்கூடாதது எது என்பதில்தான் வழக்கு வந்தது.

தாத்தா காலமானபின் 1981-ல் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகப்பிரிவினை ஆயிற்று. திண்ணையை நடுவில் மறித்து நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒன்று கூரைவரைக்கும் எழும்பியது. ஐந்து தூண்களில் நடுத்தூண் அந்தச் சுவருக்குள் போய்விட்டது. சித்தப்பா தம் பக்கத்து ஜன்னலை இடித்து வாசல் வைத்துக்கொண்டார். அப்பா தம் கதவுக்குப் பச்சை அடித்தார். சித்தப்பா நீலம் அடித்தார். பதினொரு வருஷம் இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. போட்டோவில் பச்சையும் நீலமும் ஒரே சாம்பலாக விழுந்திருந்தன. சுவர் மட்டும் பளிச்சென்று நின்றது.

அக்கா வரைந்தவரைக்கும் பார்த்தாள், சந்தோஷப்பட்டாள். பிறகு திரையில் விரலை வைத்தாள்.

"தம்பி, இந்தச் சுவரை எடுத்துரு. நான் பெறந்து வளர்ந்த வீட்டுல இது கெடையாது. பத்து வயசு வரைக்கும் அந்தத் திண்ணையில இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடியிருக்கேன்."

அவள் கேட்டது நியாயமான ஆசை. செய்வதும் சுலபம். சுவர் தனி அடுக்கில் இருந்தது; கண் குறியை அமுக்கினால் போதும். பதினொரு வருஷத்துப் பகை ஒரு விரல் அசைவில் மறைந்துவிடும். ஆனால் சுவர் மறைந்த இடத்தில் என்ன வருவது? நடுத்தூண் போட்டோவில் இல்லை. பக்கத்துத் தூணைப் பிரதி செய்து வைக்கலாம்தான். ஆனால் நடுத்தூணில்தான் தாத்தா பேரப்பிள்ளைகளை வருஷா வருஷம் நிறுத்தி உயரம் அளந்து கத்தியால் கீறி வைப்பார் என்று அக்காவே சொல்லியிருக்கிறாள். எந்தக் கீறல் எந்த உயரத்தில் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்தத் தூணைப் பார்த்த ஞாபகமே இல்லை. சுவர் எழும்பும்போது நான் கைக்குழந்தை.

எங்கள் ஊருக்குத் தென்மேற்கே பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. கட்டபொம்மனின் கோட்டையை 1801-ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். காமிரா உலகத்துக்கு அறிமுகமானதே 1839-ல்தான். ஆகவே அந்தக் கோட்டைக்குப் போட்டோ என்று ஒன்று இருக்க வழியில்லை. 1974-ல் அரசு அங்கே நினைவுக் கோட்டை ஒன்று கட்டியது. பார்க்கப் போகிறவர்கள் அதை நினைவுச் சின்னம் என்றே தெரிந்து பார்க்கிறார்கள். படமே இல்லாதபோது மனசில் உள்ளதைக் கட்டலாம். படம் ஒன்று கையில் இருக்கும்போது, அதில் பிடிக்காததை எடுத்துவிட்டுப் பிடித்ததைச் சேர்த்து, "இதுதான் எங்கள் வீடு" என்று மாட்டுவது எனக்குச் சம்மதமாக இல்லை. கதை எழுதும்போது நான் அதைத் தாராளமாகச் செய்கிறேன். அங்கே வாசகருக்கும் அது தெரியும்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "உனக்கென்ன, நீ சுவரோட வளர்ந்தவன்" என்று ஒரே வார்த்தையில் அடித்துவிட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரம் சித்தப்பா மகன் வந்தான். அவனும் ஒரு பிரதி கேட்டிருந்தான். அக்காவும் இருந்தாள். படத்தைப் பார்த்ததும் அவன் கை நேரே சுவருக்குத்தான் போயிற்று.

"அண்ணே, சுவரை நல்லா எழுதியிருக்கீக. எங்கப்பா சாய்ஞ்ச இடம் இதுதான்."

"எதுக்குச் சாய்வாரு?" என்று அக்கா கேட்டாள்.

"பெரியப்பா காலையில பேப்பர் படிப்பாகல்ல? வாய்விட்டுப் படிப்பாக. எங்கப்பாவுக்குக் கண்ணுல புரை. பெரியப்பா பேப்பரை விரிக்கிற சத்தம் கேட்டதும் இந்தப் பக்கம் வந்து சுவர்ல சாய்ஞ்சிருவாக. முடிக்கிற வரைக்கும் காபிகூடக் குடிக்கமாட்டாக."

அப்பா பேப்பரை உரக்கப் படிப்பது எங்களுக்குத் தெரியும். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தோம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். கூட உட்கார்ந்து கேட்க அந்தத் திண்ணையில் வேறு ஆள் கிடையாது. மார்க்கெட் நிலவரத்தையும், மழைச் செய்தியையும், பருத்தி விலையையும் அவர் இரண்டு தரம் படிப்பார். யாருக்காகப் படித்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. தெரிந்துதான் படித்தாரா என்று இப்போது கேட்கவும் ஆள் இல்லை.

அக்கா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சித்தப்பா மகனிடம், "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். என்னிடம் திரும்பி, "சுவர் இருக்கட்டும்" என்றாள்.

ஃப்ளெக்ஸ் கடைப் பையன் நல்ல கித்தான் துணியில் இரண்டு பிரதி அடித்துக் கொடுத்தான். நாலடி அகலத்தில் கோடு ஒன்றும் உடையவில்லை. கதவுகளுக்கு நிறம் போடட்டுமா என்று அவன் கேட்டபோது வேண்டாம் என்றேன். பச்சை எது, நீலம் எது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்கா வீட்டு ஹாலில் படம் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள், "திண்ணைக்கு நடுவே எதற்கு ஒரு சுவர்?" என்று கேட்கிறார்களாம். அக்கா அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பேப்பர் படித்த கதையைச் சொல்கிறாள்.